மிளகாய் ஞாயிறு மட்டும்

கொஞ்சம் ஒத்திக்கிடுங்க யம்மா. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டியன்னா நானும் உக்காந்துக்கிடுவேன். ஆலங்குளம் வரைக்கும்தான். நின்னுக்கிட்டே வர உடம்புல வலு இல்ல, காலையில இருந்து ஒரு ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப் போச்சு. என்ன ஆபீஸுன்னு கேக்கியளா? நீங்க கேக்கல. சரி, நானே சொல்லுதேன். புள்ளைங்க நலக் குழுன்னு ஒண்ணு இருக்கு தென்காசியில. அப்பன் ஆத்தா இல்லாத புள்ளைங்க, வீட்ட விட்டு ஓடி வந்த புள்ளைங்க, குடிச்சுட்டு வந்து அடிக்கிற அப்பனுக்குப் பொறந்த புள்ளைங்க, இதுகளுக்கெல்லாம் பஞ்சாயத்துப் பண்ணுத எடம். அங்க என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தாவ. என்னைய. நாலு வருசமா ஒரு புள்ளைக்குச் சோறு போட்டு, சட்டை எடுத்துக் குடுத்து, பேன் பாத்து விட்டவளை.

என் பேரு உலகம்மா. ஆலங்குளத்துல மாவு மில்லுன்னு கேட்டா எந்தப் புள்ளையும் கையக் காட்டும். வீட்டுக்காரர் வச்ச மில்லு. அவர் போயி பதினோரு வருசம் ஆச்சு, நான்தான் ஓட்டுதேன். கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், தப்பா நெனைக்காதிய. மிஷினுக்கு மேல பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆயிப்போச்சு.

எனக்குக் கூடப் பொறந்தது ரெண்டு பேரு. மூத்தவர் எங்க அண்ணன் சிவனணைஞ்சபெருமாள், சுரண்டையில மூணு மாடி வீடு. எளையவன் மாசானம், லாரி ஓட்டுனான். அவன் பொண்டாட்டி மஞ்சக்காமாலையில போயிட்டா. அப்போ புள்ளைக்கு மூணு வயசு. இன்னொருத்தியக் கட்டுடான்னு எல்லாரும் சொன்னோம். மாட்டேன்னுட்டான், பெரிய ராசா. புள்ளைய லாரியில முன்னால உக்கார வச்சுக்கிட்டே ஊரு ஊராத் திரிஞ்சான் கொஞ்ச நாளு. பெறவு பள்ளிக்கூடத்துல சேத்து, பக்கத்து வீட்டுல விட்டுட்டு லோடுக்குப் போவான். நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பாலத்துல லாரி கவுந்து அவனும் போயிட்டான். புள்ளைக்கு எட்டு வயசு. பேரு சுபிக்ஷா. வாயில நுழையுதா பாருங்க. அப்பன் ஓட்டுறது லாரி, புள்ளைக்குப் பேரு சுபிட்சம். நான் சுபின்னுதான் கூப்பிடுவேன்.

பதினாறாம் நாளு காரியம் அண்ணன் வீட்டுலதான் நடந்துச்சு. எல, பாயாசம், வடை, ஒண்ணுலயும் கொறையில்ல. சாப்புட்டுக் கை கழுவுனதுக்குப் பெறவுதான் பேச்ச எடுத்தாவ, புள்ளைய யாரு வச்சுக்கிடுததுன்னு. அந்தப் பேச்சை நீங்க கேட்டிருக்கணும் யம்மா. அண்ணன் சொல்லுதாவ, மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கலையாம், சின்னப் புள்ள ஏறி எறங்கும்போது விழுந்துருமாம். நாலு வருசம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் வைக்கல. புள்ள வந்துருமோன்னு பயந்துக்கிட்டே வைக்காம இருக்காவளோ என்னவோ. அடுத்து புள்ளையோட தாய்மாமன், தளவாய்னு ஒருத்தன். எங்க வீட்டுல வயசுப் பையன் இருக்கான், நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னான். அந்த வயசுப் பையனுக்கு வயசு ஒம்பது. அடுத்து எங்க மதினி, அண்ணன் பொண்டாட்டி தாயம்மா. வீட்டுல நாய் இருக்காம், புள்ளைக்கு நாயின்னா பயமாம். கட்டிப் போட்ட நாயி அது, கொரைக்கக்கூட யோசிச்சுத்தான் கொரைக்கும்.

அந்தப் புள்ள எங்க இருந்துச்சுன்னு நெனைக்கிய? அங்கனயேதான். எல்லாருக்கும் நடுவுல, புஸ்தகப் பைக்கு மேல உக்காந்திருந்துச்சு. யாரு பேசுதாவளோ அவங்க மொகத்தப் பாக்கும். அவங்க முடிச்சதும் அடுத்த ஆளு மொகத்தப் பாக்கும். ஒரு புள்ளைய வச்சுக்கிட்டு அது காதுபடவே இப்படிப் பேசுவாங்களா மனுசங்க? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல.

பெறவு மதினி ஒரு வார்த்தை சொன்னாவ பாருங்க. வெத்திலையக் கிள்ளிக்கிட்டே சொன்னாவ.

"உலகுதான் கூட்டிட்டுப் போகட்டுமே. வயித்துல ஒண்ணும் தங்கல. அவளுக்கும் ஒரு தொணை ஆச்சு, மனசு ஆறும்லா."

எந்திரிச்சேன், செருப்ப மாட்டுனேன், அந்த நிமிசமே புள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். நடுவுல பஸ் ஸ்டாப் வரைக்கும் தனியா வந்தேன், அது வேற விசயம். ஆலங்குளம் பஸ்ஸும் வந்துச்சு. ஏறுறியாம்மான்னு கண்டக்டர் கேட்டாரு. ஏறல. திரும்பிப் போயிக் கூட்டிட்டு வந்தேன். புள்ள அதே பைக்கு மேலதான் உக்காந்திருந்துச்சு. ஆனா ஒண்ணு, மதினிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். எனக்கு ஒரு தொணையும் வேண்டாம், யாரும் வந்து என் மனசு ஆற வேண்டாம், உங்க யாருக்கும் துப்பில்லாததனால கூட்டிட்டுப் போறேன்னு. நடு வீட்டுல நின்னு சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுச்சு.

இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்தைய நான் மாத்தல. யாரு கேட்டாலும் அதேதான் சொல்லுவேன். மில்லுக்கு வார சனம் சும்மா இருக்குமா? மாவு அரைபட்டு வாரதுக்குள்ள ஊருக் கதை பூராவும் வேணும் அதுகளுக்கு. தம்பி மகளாமே, நல்ல மனசு உங்களுக்கும்பாங்க. நல்ல மனசாவது ஒண்ணாவது, தலையெழுத்துன்னு சொல்லுவேன். ஒருத்தனும் எடுக்கல, என் தலையில வந்து விழுந்துருச்சும்பேன். பெறவு என்ன சொல்லச் சொல்லுதிய? நான் ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வந்தேன்னு சொன்னா, அது நாலு வாய் மாறி சுரண்டைக்குப் போயிச் சேந்துரும். பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்லான்னு தாயம்மா மதினி வெத்தில எச்சியத் துப்பிக்கிட்டே சிரிப்பாவ.

சும்மா சொல்லக் கூடாது, புள்ள தொந்தரவு ஒண்ணும் குடுக்கல. அதுதான் முதல்ல எனக்குப் பிடிக்கல. புள்ளைன்னா எதையாவது கேட்டு அழணும்லா? இது கேக்காது. தோசை ஊத்துனா ரெண்டோட எந்திரிச்சுரும். மூணாவது வேணுமாட்டின்னு கேட்டா வேண்டாங்கும். வாயத் தொறந்து கேளாத சவத்துக்கு நான் என்ன செய்யட்டும்? மூணாவதையும் தட்டுல போட்டு, தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும்னு முன்னாலயே நின்னுக்கிடுவேன்.

ஆனா ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. மிளகா அரைச்சா அவளுக்கு மூச்சு இழுக்கும். மில்லும் வீடும் ஒரே கட்டடம், நடுவுல ஒரு கதவுதான். வந்த முதல் வாரமே உதடு நீலமாப் போயி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். டாக்டர் கேக்காரு, வீட்டுலயே மிளகா மிஷின வச்சுக்கிட்டு இந்தப் புள்ளைய எப்படிம்மா வளப்பியன்னு. நான் என்ன மிளகாயக் கட்டிக்கிட்டா அழுதேன்? மறுநாளே போர்டு எழுதிப் போட்டேன், மிளகாய் ஞாயிறு மட்டும்னு. ஞாயித்துக்கெழமை காலையில அவளக் கொண்டுபோயி எதுத்த தெருவுல சொர்ணம் வீட்டுல விட்டுட்டு வந்துதான் மிளகாயத் தொடுவேன். அரைச்சு முடிச்சு, கழுவித் தள்ளி, சாயங்காலம் போயிக் கூட்டிட்டு வருவேன். ஊரே ஏசுச்சு. வீட்டுல புதன்கெழமை விசேசம்னா செவ்வாக்கெழமையே மிளகாப் பொடி வேணும், ஞாயித்துக்கெழமை வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாவளா? பாதிப் பேரு மேலத்தெரு மில்லுக்குப் போயிட்டாவ. போறவ போகட்டும். போறவளப் பாத்துச் சும்மா இருக்க என்னால முடியுமா? வாரவ போறவகிட்டயெல்லாம் சொல்லுவேன், இந்தக் கழுதையால என் மிளகா யாவாரமே போச்சுன்னு. சொல்லத்தான செய்வேன்? நடந்ததத்தான சொல்லுதேன்.

இன்னொண்ணும் சொல்லுவேன். பாடத்துல மார்க்கு கொறஞ்சாலும் சரி, குடத்த நெறைய வழிய விட்டாலும் சரி, ஆஸ்டல்ல கொண்டு போட்டுருவேன்னு சொல்லுவேன். எந்த வீட்டுலதான் சொல்லல? பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்னு சொன்னா பூச்சாண்டி வந்தா நிக்கப் போறான்?

இந்த ஆடி மாசம். காத்து எப்படி அடிச்சுது, ஞாபகம் இருக்கா? சனிக்கெழமை, பள்ளிக்கூடம் லீவு, மதியத்துக்கு மேல மூணு மணி இருக்கும். சொர்ணம் கோதுமை அரைக்க வந்திருந்தா. மிஷின் முழு ஓட்டத்துல ஓடுது. சொர்ணம் கேக்கா, மேலத்தெரு மில்லுக்காரன் புதுசா இன்னொரு மிளகா மிஷின் எறக்கிருக்கானாமேன்னு. எனக்கு வயித்தெரிச்சல். மிஷினுக்கு மேல கத்துதேன், கேக்கணும்லா அவளுக்கு.

"எறக்குவான், ஏன் எறக்க மாட்டான். அன்னைக்கு அண்ணன் வீட்டு வாசல்லயே இந்தப் பீடைய விட்டுட்டு வந்திருந்தா, இன்னைக்கு நான்…"

கரண்டு போயிருச்சு. மிஷின் நின்னுருச்சு. எனக்கு வாய் நிக்கல.

"…ராணி மாதிரி இருந்திருப்பேன்."

அம்புட்டு அமைதியில இது மட்டும் கேக்குது. தெருவுல போறவன் ஒருத்தன் சைக்கிள நிறுத்திட்டுப் பாக்கான். சொர்ணம் எனக்குப் பின்னால பாக்கா. திரும்புனேன். அந்த நடுக்கதவுல நிக்கா சுபி, கையில காப்பி டம்ளரு.

"அத்த, காப்பி"ன்னா. குடுத்துட்டு உள்ள போயிட்டா.

பெறவு விசாரிச்சா, மார்க்கெட்டுப் பக்கம் ஒரு அணில் கம்பியில அடிபட்டுச் செத்திருக்கு, அதனால கரண்டு போயிருக்கு. இத்தனூண்டு அணிலு. கம்பியில ஏற அதுக்கு வேற நேரம் கெடைக்கல. எல்லாத்துக்கும் மூலம் அந்த அணிலுதான், நான் இன்னைக்கும் சொல்லுவேன். ரெண்டு நிமிசம் கழிச்சு ஏறியிருந்துச்சுன்னா ஒண்ணும் நடந்திருக்காது.

அவ மனசுல எதையும் வச்ச மாதிரித் தெரியல யம்மா. சாயங்காலம் பாத்திரம் கழுவுனா, பாடம் எழுதுனா, படுத்தா. மனசு கஷ்டம்னா மொகத்துல தெரியணும்லா? மறுநாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த நாளு பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் கண்ணசந்த நேரத்துல, என் போனையே எடுத்து, அந்தப் புள்ளைங்க உதவி நம்பருக்குப் போட்டிருக்கா. புஸ்தகத்துலயே அந்த நம்பர அச்சடிச்சுத் தாராவளே. போட்டு என்ன கேட்டிருக்கா தெரியுமா? என்னைய அடிக்காவ, பட்டினி போடுதாவன்னு சொல்லல. எங்க அத்தைக்கு நான் ரொம்ப பாரமா இருக்கேன், ஆஸ்டல்ல சேர என்னென்ன பேப்பர் வேணும், அவங்கள அலைய விடாம நானே சேரலாமான்னு கேட்டிருக்கா. பன்னெண்டு வயசு. என்ன வெவரம் பாருங்க.

நாலாம் நாளு அந்தத் தென்காசி ஆபீஸுல இருந்து மெர்சின்னு ஒரு ஆபீஸர் புள்ள வந்துச்சு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். இந்தப் பொடிசுக்கு நான் பதில் சொல்லணும். அடுப்படியப் பாத்துச்சு, கக்கூஸப் பாத்துச்சு, புள்ள படுக்கிற எடத்தப் பாத்துச்சு. மில்லு வாசல்ல நின்னு அந்த போர்டையும் பாத்துச்சு. இது எதுக்கும்மான்னு கேட்டுச்சு. மிளகாய்க்குன்னேன். என்னமோ நோட்டுல எழுதிக்கிட்டுச்சு. பெறவு ரெண்டு பேரையும் தென்காசிக்கு வரச் சொல்லிட்டுப் போயிருச்சு.

அங்க மூணு நாலு பேரு மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தாவ. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவங்கதான் தலைவி. முதல்ல சுபிய மட்டும் உள்ள கூப்புட்டு அரை மணி நேரம் பேசுனாவ. நான் வெளிய பெஞ்சுல. என் புள்ளைகிட்ட பேச எனக்குத் தெரியாத என்ன பேச்சு இருக்கு இவங்களுக்குன்னு எனக்குக் கோவம். பெறவு என்னையக் கூப்புட்டாவ. மேசை மேல ஒரு பிளாஸ்டிக் கவரு. ஆதார் காப்பி, ரேஷன் கார்டு காப்பி, அப்பன் ஆத்தா செத்த சர்ட்டிபிகேட், போன வருசத்து மார்க்கு. எல்லாத்தையும் அவளே ஒவ்வொண்ணா ஜெராக்ஸ் எடுத்துச் சேத்திருக்கா. அந்தத் தகரப் பெட்டியில எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது.

அந்த அம்மா என் முன்னாலயே சுபிகிட்ட இன்னொரு தடவ கேட்டாவ, அத்தை அடிப்பாவளான்னு. இல்லன்னா. சாப்பாடு? அத்தை மூணு தோசை போடுவாவன்னா. சரி, பெறவு ஏம்மா போகணும்னு கேட்டாவ. தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுதா.

"அவங்களுக்கு நான் வேண்டாம். பாவம், நாலு வருசமா வச்சிருக்காவ."

எனக்குப் பொறுக்கல. "வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?"ன்னு கேட்டேன். சத்தம் கூடிப் போச்சுன்னு நெனைக்கேன், வெளிய இருந்த பியூன் எட்டிப் பாத்தான்.

அந்த அம்மா கண்ணாடியக் கழட்டி வச்சாவ. "வேணும்னு எப்பம்மா சொன்னிய?"

இது ஒரு கேள்வியா? நீங்களே சொல்லுங்க. சோறு பொங்கிப் போடுதவ, அரிசிய அளந்து போடும்போது வேணும் வேணும்னு சொல்லிக்கிட்டா போடுவா? அந்த நேரத்துக்கு எனக்குப் பதில் வரல. வராதுல்லா, பெரிய ஆபீஸு, நாலு பேரு பாத்துக்கிட்டு இருக்காவ. நான் மேசையப் பாத்துக்கிட்டு நின்னேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தா சுபி. அந்தப் பதினாறாம் நாளு பாத்தாள்லா, அதே மாதிரி. பெறவு அவ தலையத் திருப்பிக்கிட்டா.

தென்காசியிலயே பொம்பளப் புள்ளைங்க விடுதி ஒண்ணு. அங்க சேத்துட்டாவ. ஆறு மாசம் பாப்போம், மனசு மாறுனா ரெண்டு பேருல யாரும் வந்து சொல்லலாம்னாவ. நான் பஸ் ஏறி வந்துட்டேன்.

சேதி எப்படித்தான் போகுமோ, மறு வாரமே சுரண்டையில இருந்து அண்ணன் குடும்பத்தோட விடுதிக்குப் போயிருக்காவ. ஆப்பிள் வாங்கிட்டு. புள்ளைய நடுவுல நிப்பாட்டிப் போட்டோ எடுத்து, போன்ல எல்லாருக்கும் அனுப்பிருக்காவ. எங்கள் செல்லத்துடன்னு எழுதி. கைப்பிடி வைக்க வக்கில்ல, செல்லமாம். மதினி எனக்குப் போன் போட்டு, உலகு, நீ வருத்தப்படாத, எல்லாருக்கும் வளக்கிற ராசி அமையாதுன்னாவ. வச்சிட்டேன் போன.

முதல் மாசம் நான் பாக்கப் போகல. நான் ஏன் போகணும், போனவ அவதானன்னு இருந்துட்டேன். ரெண்டாம் மாசம் சொர்ணம் வந்து ஏசுனா, அவ தொல்ல தாங்காமத்தான் போனேன். புள்ள கொஞ்சம் சதை பிடிச்சிருக்கா. ரெண்டு புள்ளைங்க கூடச் சிரிச்சுக்கிட்டு வாரா. என் வீட்டுல நாலு வருசத்துல நான் அந்தப் பல்லப் பாத்ததில்ல. எதுத்தாப்புல உக்காந்தா. பெறவு கேட்டா, "மாவு சலிக்க இப்ப யாரு இருக்கா அத்த?"

"அதுக்கென்ன, ஆள் போட்டாச்சு"ன்னேன்.

ஆள் ஒண்ணும் போடல. நானேதான் சலிக்கேன். ஆளில்லன்னு சொன்னா, மாவு சலிக்கத்தான் வந்து கூப்பிடுதேன்னு நெனைச்சுருவால்லா? அவ சந்தோசப்படுவான்னு சொன்னேன். சரி அத்தன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. கூட இருந்த புள்ளைங்ககூடத்தான் திரும்பிப் பாத்துச்சுங்க, இவ பாக்கல.

வீட்டுக்கு வந்தா அந்தப் போர்டு தொங்குது. இனி எதுக்கு அதுன்னு சொர்ணம் கேட்டா. கழட்டிட்டா மிளகாச் சனமெல்லாம் திரும்ப வந்துருமேன்னா. நான்தான் கழட்டல. இருக்கட்டும், ஆணி துருப்பிடிச்சுப் போச்சு, ஏணி வச்சு ஏறணும், யாரு ஏறுததுன்னு விட்டுட்டேன்.

போன மாசம் அந்த மெர்சிகிட்ட போயி, புள்ளையத் திரும்பக் கூட்டிட்டு வரணும்னா என்ன செய்யணும்னு கேட்டேன். எனக்காக இல்ல. சுரண்டைக்காரங்க இன்னொரு தடவ ஆப்பிளோட போயிருவாங்கன்னுதான். ஒரு விண்ணப்பம் குடுத்துச்சு. பேரு, வயசு, தொழில், எல்லாம் எழுதிட்டேன். கடைசியில ஒரு எடம், குழந்தையைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள விரும்பும் காரணம்னு. நாலு கோடு போட்டு விட்டிருந்தாவ. நாலு கோடு எனக்கு எப்படிப் போதும்? தனித்தாள் வாங்கி முன்னும் பின்னும் எழுதுனேன். அண்ணன் வீட்டு மாடிப்படி, தளவாய் மகன் வயசு, நாயி, ஆப்பிளு, போட்டோ, ஒண்ணு விடல. மெர்சி முழுசையும் படிச்சுச்சு. பொறுமை இருக்கு அந்தப் புள்ளைக்கு, அத மட்டும் சொல்லணும்.

படிச்சுட்டு, "இதுல மத்தவங்ககிட்ட ஏன் விடக் கூடாதுன்னுதான் இருக்கும்மா. உங்களுக்கு ஏன் வேணும்னு ஒரு வரி இல்லையே"ன்னுச்சு. புதுசா ஒரு தாளக் குடுத்து அனுப்பிருச்சு.

மூணு வாரமா அந்தத் தாள் மிஷின் பக்கத்துல கெடக்குது. எட்டாவது வரைக்கும் படிச்சவ நான், எழுதத் தெரியாம இல்ல. பேனாவ எடுத்தா மதினி மொகம் முன்னால வந்து நிக்குது. வேணும்னு எழுதிட்டா அவங்க அன்னைக்குச் சொன்னது சரின்னு ஆயிருமேன்னு கை ஓட மாட்டேங்கு. நேத்து எழுதுனேன். நேத்து என்ன ஆச்சுன்னா, சோத்துல தண்ணி ஊத்தப் போனேன். பானையில பாதிச் சோறு கெடக்கு. மூணு மாசமா இதே கதைதான். கொறைச்சுப் போட்டா கொழையுது, இல்லன்னா அரை வேக்காடா நிக்குது. கடைசியில பழைய அளவுதான் போடுதேன். மிச்சத்த மாட்டுத் தொட்டியில கொட்டுதேன். எரிச்சல்ல உக்காந்து எழுதிட்டேன். ரெண்டே வரி.

எனக்கு ஒரு ஆளுக்குச் சோறு பொங்க வரலை. தினமும் மிச்சம் விழுகுது.

அவ்வளவுதான். இன்னைக்குக் கொண்டு போயிக் குடுத்தேன். மெர்சி படிச்சுச்சு. அந்தக் கண்ணாடிக்கார அம்மாகிட்ட குடுத்துச்சு. அவங்களும் படிச்சாவ. மிச்சச் சோத்தத் திங்கப் புள்ள கேக்கேன்னு நெனைச்சுருவாவளோன்னு எனக்கு அப்பதான் ஒறைச்சுது. திருப்பிக் குடுங்க, வேற எழுதித் தாரேன்னு கைய நீட்டுனேன். தரல. சுபிய வரச் சொல்லி, அவ கையில குடுத்துட்டாவ.

அவ நின்னுக்கிட்டே படிச்சா. ரெண்டு வரிதான், அத எம்புட்டு நேரம் படிக்கா. பெறவு கேக்கா, "ஒரு உழக்கு அரிசியா போடுதிய?"

"ஆமா."

"நான் இருக்கும்போதும் ஒரு உழக்குத்தான போடுவிய."

"ஆமா."

"முக்கா உழக்குப் போட்டா சரியா இருக்கும் அத்த."

"எனக்கு முக்காவெல்லாம் வராது"ன்னேன். "ஒரு உழக்குத்தான் வரும்."

தாள நாலா மடிச்சா. திருப்பித் தருவான்னு பாத்தேன், தரல. சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. அது ஆபீஸ் பேப்பரு, குடுட்டின்னேன். அந்த அம்மா, இருக்கட்டும், நாங்க காப்பி எடுத்துக்கிடுதோம்னாவ. எனக்குக் கண்ணு அரிச்சுது. மாவு தூசிதான். நாளெல்லாம் மாவுல கெடக்கேன்லா, தென்காசி வந்தாலும் விடாது.

பெறவு பேசுனா யம்மா, பெரிய மனுசி மாதிரி. அரைப்பரீச்சை முடியட்டும், பாதியில பள்ளிக்கூடம் மாறுனா நோட்டெல்லாம் மாறும்னா. லீவு விட்டதும் வாரேன்னா. ஆனா ஒரு கண்டிசன்னு சொன்னா. கண்டிசன். எனக்கு. ஆபீஸுல அத்தனை பேரு முன்னால. என் அண்ணனோ வீட்டுக்காரரோகூட எனக்குப் போட்டதில்ல.

"மில்லுல என்னையப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது. நல்லதும் பேசக் கூடாது. கெட்டதும் பேசக் கூடாது."

சரின்னுட்டேன். வேற என்ன செய்ய? அந்த அம்மா அதையும் எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாவ. சிரிக்காம வாங்குனாவ. நானும் சிரிக்காமப் போட்டேன். மார்கழி பத்து தேதிக்கு மேல வந்துருவா. வெள்ளையடிக்கணும், அவ படுக்கிற பக்கம் சுவரு காரை பேந்து கெடக்கு. நேரம் எங்க இருக்கு.

இந்தா, நல்லூர் தாண்டிருச்சு, அடுத்து எங்க ஊருதான். உங்ககிட்ட இம்புட்டையும் சொல்லிட்டேன். மில்லுல பேசக் கூடாதுன்னுதான சொன்னா, இது பஸ்ஸுதான? பஸ்ஸுல பேசக் கூடாதுன்னு அந்தப் பேப்பர்ல ஒரு வரி இல்ல, நான் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்க எந்த ஊருன்னு சொல்லவே இல்லையே யம்மா. ஆலங்குளத்துல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இருக்காவளா? இல்லையே? சொர்ணத்தத் தெரியாதுல்லா? அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, டீச்சர்மாரு, யாரையும் தெரியாதுல்லா?

நல்லது. தெரியாமலே இருக்கட்டும்.